'இடம் போதாது' என்கிறதா கணினி? அழிக்கும் முன்பு கேளுங்கள்: எந்த இடம்?

(தொலைக்காட்சி அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமது அரங்கில் கணினி பற்றிப் பேசும் வாரங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "புதிதாக ஒரு மென்பொருளை நிறுவப் போனேன். பாதியில் நின்றுவிட்டது. டிஸ்க்கில் போதிய இடம் இல்லை என்கிறது. எதை அழிக்கட்டும்?"

இந்தக் கேள்வியின் கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "எதை அழிக்கட்டும்?" அந்தச் செய்தியைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது இதுதான். மகனின் பள்ளிப் படங்கள், மகளின் நடன அரங்கேற்றக் காணொளி, மறைந்த தாத்தாவின் குரல் பதிவு ஆகியவைதான் வன்தட்டில் பெரிய கோப்புகளாகக் கண்ணில் படும். அவசரத்தில் அவற்றில் கை வைக்கிறோம். அழித்து முடித்த பிறகும் அதே செய்தி வந்தால் அப்போதுதான் திகைக்கிறோம்.

நான் கணினிப் பொறியாளர் அல்ல. பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியோடு பழகியவள். ஆனால் அரங்கிற்கு வந்த கணினி வல்லுநர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் கேட்டுக் கேட்டு ஒன்றைத் தெரிந்துகொண்டேன். "இடம் போதாது" என்ற செய்தி வந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எதை அழிக்கலாம்?" என்பதல்ல, "எந்த இடத்தில் போதவில்லை?" என்பதே. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

மெமரி வேறு, சேமிப்பிடம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைக்குப் போய் "என் கணினியில் மெமரி போதவில்லை" என்று சொன்னால் கடைக்காரர் ரேம் அட்டையை எடுத்து நீட்டக்கூடும். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மின்சாரத்தை அணைத்தால் அதில் உள்ளது போய்விடும். மென்பொருளும் படங்களும் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடம் வன்தட்டு, அல்லது இக்காலத்து எஸ்எஸ்டி. நிறுவும்போது "டிஸ்க் ஸ்பேஸ்" என்று செய்தி வந்தால் அது பின்னதைப் பற்றியது. அதற்கு ரேம் வாங்கிப் போட்டால் பணம்தான் செலவாகும். இடம் ஓர் அங்குலமும் கூடாது. எனவே கடைக்குப் போகும் முன் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

முறுக்கு டின்னும் சமையல் மேசையும்

"மென்பொருளின் அளவு 2 ஜிபி என்று போட்டிருக்கிறது. என்னிடம் 3 ஜிபி காலியாக இருக்கிறது. பிறகு ஏன் போதாது என்கிறது?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

தீபாவளிக்கு முறுக்கு சுடுவதை நினைத்துப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு முறுக்கு இரண்டு டின்களில் அடங்கிவிடும். ஆனால் சுடும் வேளையில்? மாவுப் பாத்திரம் ஒரு பக்கம், பிழிந்து வைக்கும் தட்டு ஒரு பக்கம், எண்ணெய் வடியும் காகிதம் ஒரு பக்கம், ஆற வைக்கும் முறம் இன்னொரு பக்கம். மேசை முழுவதும் தேவைப்படும். இரண்டு டின் அளவு இடம்தானே என்று மேசையின் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கினால் வேலை நடக்காது.

மென்பொருள் நிறுவுவதும் இப்படித்தான். நாம் பதிவிறக்கும் கோப்பு சுருக்கப்பட்ட மூட்டை. அது ஒரு நகல். மூட்டையை அவிழ்க்கும்போது உள்ளே இருப்பவை தற்காலிகக் கோப்புறையில் விரிகின்றன. அது இரண்டாவது நகல். அங்கிருந்து உரிய இடத்தில் எழுதப்படுவது மூன்றாவது. பழைய பதிப்பு ஏற்கனவே இருந்தால், பாதியில் ஏதும் கெட்டுப்போனால் திரும்பிச் செல்வதற்காக அதையும் நிறுவி சிறிது நேரம் எடுத்து வைத்திருக்கும். வேலை முடிந்த பின்பே தற்காலிகமானவை நீக்கப்படும். ஆகவே 2 ஜிபி மென்பொருளுக்கு, நிறுவும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் 5 அல்லது 6 ஜிபி தேவைப்பட்டால் வியப்பில்லை. பெட்டியில் அச்சிட்ட அளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு காலியிடம் வைத்துக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுவல் பாதியில் நின்றால் சில மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புறையில் விரித்ததை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். நாமோ கோபத்தில் "மீண்டும் முயல்க" என்று நான்கு முறை அழுத்துவோம். ஒவ்வொரு முறையும் இடம் இன்னும் குறைகிறது. முதல் முறை 500 எம்பி போதவில்லை என்றது, நான்காவது முறை 4 ஜிபி போதவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம். எனவே ஒரு முறை தோற்றால் கணினியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். பிறகு முயலுங்கள்.

டி டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் சி டிரைவ் கேட்பது ஏன்?

சிலர் கெட்டிக்காரத்தனமாக, "சி டிரைவ் நிறைந்துவிட்டது, டி டிரைவில் 100 ஜிபி காலி, அங்கே நிறுவிக்கொள்கிறேன்" என்று தேர்ந்தெடுப்பார்கள். அப்போதும் "இடம் போதாது" என்று வரும். கணினி பொய் சொல்கிறது என்று நினைப்பார்கள்.

கணினி பொய் சொல்லவில்லை. நாம் டி டிரைவைப் பார்க்கிறோம், கணினி சி டிரைவைப் பற்றிப் பேசுகிறது. விண்டோஸ் கணினிகளில் தற்காலிகக் கோப்புறை வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். நீங்கள் எங்கே நிறுவச் சொன்னாலும் மூட்டை அவிழ்க்கப்படுவது அங்கேதான். பல மென்பொருள்களின் நிறுவல் கோப்பில் ஒரு நகலை, பிற்காலத்தில் பழுது பார்க்கவும் நீக்கவும் வேண்டும் என்பதற்காக, சி டிரைவில் உள்ள விண்டோஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டாலர்' என்ற மறைந்த கோப்புறையில் கணினி வைத்துக்கொள்ளும். பல மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்புகளும் சி டிரைவிலேயே எழுதப்படும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஒரு நல்ல உதாரணம். இன்றைய ஆஃபிஸ் பதிப்புகள் விண்டோஸ் இருக்கும் டிரைவிலேயே நிறுவப்படுகின்றன. வேறு டிரைவைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை. அதற்கு 4 ஜிபி காலியிடம் வேண்டும் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது; மேக் கணினியென்றால் 10 ஜிபி. டி டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும் இங்கே பயனில்லை.

ஆகவே செய்தி வந்தவுடன் 'திஸ் பிசி' என்பதைத் திறந்து, சி டிரைவில் எவ்வளவு காலி, மற்ற டிரைவில் எவ்வளவு காலி என்று தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள். செய்தியில் எந்த எழுத்துக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் சி டிரைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

64 ஜிபி எங்கே போயிற்று?

2020 மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அவசர அவசரமாக மலிவான மடிக்கணினிகளைத் தேடின. அப்படி விற்கப்பட்டவற்றில் பல, 64 ஜிபி அல்லது அதைவிடக் குறைந்த சேமிப்பிடம் கொண்டவை. இன்று "இடம் போதாது" என்று அடிக்கடி நிற்பவை இத்தகைய கணினிகளே.

பெட்டியில் 64 என்று போட்டிருக்கும். விண்டோஸோ 59.6 என்றுதான் காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ 1024-ஆல் பெருக்கி மீண்டும் 1024-ஆல் பெருக்கி எண்ணுகிறது. இதனால்தான் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்றும், 1 டிபி வன்தட்டு 931 என்றும் தெரிகின்றன.

மிஞ்சிய 59-லும் விண்டோஸ் மட்டுமே 20 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கணினியை மீட்பதற்கான மறைவான பகுதி கொஞ்சம். ரேம் நிறையும்போது பயன்படுத்தும் கோப்பு கொஞ்சம். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, புதிய கணினிகளில் எதிர்கால மேம்பாடுகளுக்கென்று ஏறத்தாழ 7 ஜிபி முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. அதன் மேல் ஆஃபிஸ், உலாவி, காணொளிச் சந்திப்பு மென்பொருள். பிறகு பிள்ளை தன் பாடக் காணொளியை எங்கே வைக்கும்?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதால் பலரும் 11-க்கு மாற நினைக்கிறார்கள். 64 ஜிபி கணினியில் அந்த மேம்பாட்டைச் செய்யும்போது இடநெருக்கடி வருவது இயல்பு. அதற்கும் வழி உண்டு. மேம்பாட்டுக்கு இடம் போதாதபோது, 10 ஜிபிக்கு மேல் காலியாக உள்ள பென்டிரைவைச் செருகி அதைத் தற்காலிக இடமாகப் பயன்படுத்த விண்டோஸ் அனுமதிக்கிறது. முறுக்கு சுடப் பக்கத்து வீட்டு மேசையை இரவல் வாங்குவது போல. வேலை முடியும்வரை பென்டிரைவைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

செய்தியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

பிழைச் செய்தியில் வரும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். விண்டோஸில் 112 என்ற எண்ணுக்கு "டிஸ்க்கில் போதிய இடம் இல்லை" என்று பொருள். விண்டோஸ் அப்டேட்டில் 80070070 என்று முடியும் நீளமான எண் வந்தாலும் அதே பொருள்தான். கடைசியில் உள்ள 70 என்பது, கணினியின் பதினாறின் அடிமானக் கணக்கில் 112-ஐக் குறிக்கிறது.

ஆனால் எல்லா நேரமும் எண் இவ்வளவு நேர்மையாக இருக்காது. 2024 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்காக கேபி 5034441 என்ற பாதுகாப்பு மேம்பாடு வெளியானது. பலருடைய கணினியில் அது நிறுவப்படாமல் 80070643 என்ற எண்ணோடு நின்றது. அந்த எண்ணுக்கு "நிறுவல் தோல்வி" என்று மட்டுமே பொருள். சி டிரைவில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக வைத்திருந்தவர்களுக்கும் இதே கதி. காரணம், மேம்பாடு போக வேண்டிய இடம் சி டிரைவ் அல்ல. கணினி கெட்டுப்போனால் மீட்பதற்கென்று இருக்கும் மறைவான சிறு பகுதி. அதில் 250 எம்பி கூடுதலாக வேண்டியிருந்தது. தவறான எண் காட்டப்பட்டதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. "இடம் போதவில்லை" என்ற செய்திதான் வந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் சி டிரைவிலிருந்து எத்தனை படங்களை அழித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நெருக்கடி இருந்தது வேறு இடத்தில். "எந்த இடம்?" என்ற கேள்வியை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது இப்போது விளங்கும். இத்தகைய மறைவான பகுதியைப் பெரிதாக்கும் வேலையில் ஒரு கட்டளை பிசகினாலும் எல்லாம் போய்விடும். முழு நகல் எடுக்காமல் அதில் இறங்காதீர்கள்; தெரிந்தவரிடம் விடுங்கள்.

எதை முதலில் நீக்கலாம்?

சரி, சி டிரைவ்தான் நிறைந்திருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. இப்போது துப்புரவு. இதற்கு ஒரு வரிசை உண்டு. நமக்குச் சொந்தமில்லாததில் தொடங்கி, நமக்கு அருமையானதைக் கடைசியில் தொட வேண்டும்.

முதலாவது, ரீசைக்கிள் பின். அழித்த கோப்பு இந்தத் தொட்டியில்தான் கிடக்கும்; தொட்டியும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. எனவே அழித்தாலும் அதைக் காலி செய்யும்வரை இடம் திரும்பாது. "10 ஜிபி அழித்தேன், ஒன்றும் மாறவில்லை" என்பவர்களின் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. காலி செய்யும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது, தற்காலிகக் கோப்புகள். 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'ஸ்டோரேஜ்' என்று போனால் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பட்டியலே வரும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து தேவையற்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். நம் பிள்ளைகள் பாடத்தாள்களையும் சான்றிதழ்களையும் பதிவிறக்கி அங்கேதான் விட்டிருப்பார்கள். அதில் குறியிடும் முன் ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள்.

மூன்றாவது, பழைய விண்டோஸ். அண்மையில் பெரிய மேம்பாடு செய்திருந்தால் முந்தைய பதிப்பு 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் பல ஜிபி அளவில் இருக்கும். 10 நாட்களுக்குப் பிறகு அது தானாகவே நீங்கும். புதிய பதிப்பு நன்றாக இயங்குகிறது, பழையதற்குத் திரும்ப மாட்டோம் என்று உறுதியானால் மேற்சொன்ன 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியல் வழியாக முன்னதாகவே நீக்கலாம்.

நான்காவது, பயன்படுத்தாத மென்பொருள்கள். ஒரு மாதம் விளையாடிவிட்டு மறந்த விளையாட்டு ஒன்றே 30, 40 ஜிபி எடுத்துக்கொண்டிருக்கும். அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். கோப்புறையைப் பிடித்து நேரடியாக அழிப்பது சரியான முறை அல்ல.

இவை நான்கையும் செய்த பிறகும் போதாவிட்டால்தான் படங்களும் காணொளிகளும். அப்போதும் அழிக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுங்கள். அங்கிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். சரியாகத் திறக்கின்றன என்று கண்ட பிறகே கணினியிலிருந்து நீக்குங்கள்.

"மேகத்தில் இருக்கிறது" என்ற நம்பிக்கை

அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாயார் எழுந்து சொன்னதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. மகன் எஸ்.பி.எம். மாணவர். பள்ளி வேலைக்காக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது, இடம் இல்லை. 'ஒன்டிரைவ்' கோப்புறையில் இருந்த குடும்பப் படங்களை அழித்தார். "மேகத்தில் இருக்கும்மா, பயப்படாதீங்க என்றுதான் தங்கச்சி அவன் சொன்னான்" என்றார் அந்த அக்கா. சில மாதங்கள் கழித்து, இறந்துபோன தம் அம்மாவின் படம் ஒன்றைத் தேடியபோது மேகத்திலும் இல்லை.

அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. மேகக் கணிமைச் சேவை என்றால் பாதுகாப்பான இரண்டாவது பெட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைவு முறையில் இயங்குகின்றன. இங்கே ஒரு கோப்பைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனிநபர் கணக்குகளில் அழிக்கப்பட்டவை இணையத்தில் உள்ள தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்கலாம். அதன் பிறகு போனது போனதுதான்.

இதற்குச் சரியான வழி அதே இடத்திலேயே இருக்கிறது. ஒன்டிரைவ் கோப்புறையின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் 'டிலீட்' என்பதும் வரும், 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதும் வரும். முன்னது இரண்டு இடத்திலும் அழிக்கும். பின்னது, கோப்பை மேகத்தில் வைத்துக்கொண்டு கணினியில் உள்ள நகலை மட்டும் நீக்கும். கோப்பின் பெயர் திரையில் அப்படியே இருக்கும். தேவைப்படும்போது இணையம் வழி இறங்கும். கைப்பேசியில் 'கூகுள் ஃபோட்டோஸ்' பயன்படுத்துபவர்களுக்கும் இதே பாடம்தான். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இலவச ஒன்டிரைவ் கணக்கில் 5 ஜிபிதான் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது நிரம்பிய பிறகு சேர்த்த படங்கள் மேகத்துக்குப் போயிருக்காது.

தொடக்கூடாத இடங்கள்

துப்புரவு ஆர்வத்தில் சிலர் விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே நுழைந்துவிடுவார்கள். முன்பு சொன்ன 'இன்ஸ்டாலர்' கோப்புறை பல ஜிபி இருக்கும். அதை அழித்தால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் ஏதாவது ஒரு மென்பொருளை மேம்படுத்தவோ நீக்கவோ முயலும்போது முடியாமல் போகும். 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற கோப்புறையும் அப்படியே. அதன் அளவு மிகப் பெரிதாகத் தெரியும். அதில் உள்ள பல கோப்புகள் விண்டோஸின் மற்றக் கோப்புறைகளிலும் தோன்றும் அதே கோப்புகள்தான் என்பதால் அந்த அளவை அப்படியே நம்ப முடியாது. கையால் தொடவே கூடாது.

இடம் இருந்தும் இல்லை என்றால்?

இரண்டு விசித்திரமான சந்தர்ப்பங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பழைய குறுந்தட்டுகள். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவென்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குறுந்தட்டை இன்றைய கணினியில் போட்டால், 200 ஜிபி காலியாக இருக்கும்போதே "இடம் போதாது" என்று சொல்லக்கூடும். உண்மையில் இங்கே இடம் அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான் சிக்கல். அக்கால நிறுவிகள் சில, காலியிடத்தை 32 பிட் எண்ணில் கணக்கிட்டன. அந்த எண் 4 ஜிபியைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், கார் மீட்டர் சுற்றி வருவதுபோல. 200.5 ஜிபி காலி என்றால் நாலு நாலாகக் கழித்து மீதி அரை ஜிபி என்றே அதற்குத் தெரியும். 600 எம்பி வேண்டிய மென்பொருள் அப்போது மறுக்கிறது. 3 ஜிபி அளவுள்ள ஏதாவது ஒரு கோப்பைத் தற்காலிகமாக அந்த டிரைவில் நகலெடுத்து வையுங்கள். காலியிடம் 197.5 ஆகும்; மீதி 1.5 ஜிபி, நிறுவி சம்மதிக்கும். இடத்தைக் குறைத்தால் இடம் கிடைக்கும் வேடிக்கை இது!

மற்றொன்று பென்டிரைவ். 32 ஜிபி பென்டிரைவ் முழுதும் காலி. 5 ஜிபி நிறுவல் கோப்பை நகலெடுக்க மறுக்கிறது. செய்தியை நிதானமாகப் படித்தால், அந்தக் கோப்பு இந்த அமைப்புக்கு மிகப் பெரியது என்று இருக்கும். ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்.

கைப்பேசிக்கும் இதே கேள்வி

கைப்பேசியில் செயலி இறங்காதபோதும் நிலைமை இதுதான். 100 எம்பி செயலிக்கு 100 எம்பி மட்டும் போதாது. அங்கே நம் இடத்தை அடைப்பவை பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துக் காணொளிகளும்தான். வாட்ஸ்அப் அமைப்புக்குள்ளேயே சேமிப்பை நிர்வகிக்கும் பகுதியில் பெரிய கோப்புகள் வரிசையாகத் தெரியும். பார்த்துப் பார்த்து நீக்கலாம். ஆண்ட்ராய்டில் 'கிளியர் கேஷ்' என்பதை அழுத்தலாம். அதன் பக்கத்தில் உள்ள 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பதை வாட்ஸ்அப்புக்கு அழுத்திவிடாதீர்கள். காப்பு நகல் எடுக்காத உரையாடல்கள் அதோடு போய்விடும்.

கடைக்குப் போகும் முன்

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால் புதிய எஸ்எஸ்டி வாங்குவது நியாயமே. ஆனால் மலிவான மடிக்கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. உங்கள் கணினியின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய், மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். புதிய கணினி வாங்குவதென்றால் 64 ஜிபியைத் தவிர்த்து, 256 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அதற்கு எல்லாவற்றையும் துடைப்பது என்று பொருள் என்பதை நினைவில் வையுங்கள். நகல் கையில் இல்லாமல் தலையாட்ட வேண்டாம்.

மென்பொருளை இன்று நிறுவ முடியாவிட்டால் நாளை நிறுவலாம். அழிந்த படத்தை நாளை எடுக்க முடியாது. ஆகவே அடுத்த முறை அந்தச் செய்தி திரையில் வரும்போது கையை எலியிலிருந்து எடுத்துவிட்டு, தாளும் பேனாவும் எடுங்கள். எந்த டிரைவ், எவ்வளவு காலி, எவ்வளவு கேட்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள பிள்ளையைக் கூப்பிட்டு இருவரும் சேர்ந்து பாருங்கள்.